பணம் நின்ற மாதத்தில் மருத்துவச்சிக்குச் சம்பளம் யார் தருவார்?

மூன்று வாரத்துக்கு முன் இந்தப் பகுதியில், வெளிநாட்டு உதவிப் பணம் நின்றதால் ஆப்கானிஸ்தானில் மூடப்பட்ட மருத்துவ நிலையங்களைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். வழக்கமான கேள்விகளை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டு இந்த வாரம் முழுக்க அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு தகவல்: காபூலில் ஒரு தொண்டு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் சில வருடங்கள் வேலை பார்த்தவள் நான். டாக்டர் கிடையாது. ஒப்பந்தத் தாள்களும் சம்பளப் பட்டியல்களும்தான் என் கையில் இருந்தவை, அதனால் என் பதில்களும் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும்.

வாசகர், மதுரை: ஒரு நாட்டின் மாகாண ஆஸ்பத்திரிகளை வெளிநாட்டுப் பணத்தில் காண்ட்ராக்ட் விட்டு நடத்தினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ரோடு போட காண்ட்ராக்ட் விடுவது தெரியும். பிரசவம் பார்க்க எப்படி விடுவார்கள்?

கிட்டத்தட்ட ரோடு மாதிரியேதான். டெண்டர், விலை, கெடு, மேற்பார்வை எல்லாம் உண்டு.

2001 கடைசியில் தாலிபான் ஆட்சி விழுந்தபோது அந்த நாடு முழுக்கச் சேர்த்து ஏறக்குறைய 500 மருத்துவ நிலையங்கள்தான் இருந்தன, அவற்றிலும் பெரும்பாலானவற்றை நடத்தியது அரசாங்கம் இல்லை, தொண்டு நிறுவனங்கள். 2002இல் எடுத்த கணக்கில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 1600 தாய்மார்கள் இறந்துகொண்டிருந்தார்கள். படக்‌ஷான் மாகாணத்தின் ஒரு மலை மாவட்டத்தில் அந்த எண் 6500ஐத் தாண்டியது. அவ்வளவு உயர்ந்த எண் உலகத்தில் வேறெங்கும் அதுவரை பதிவானதில்லை என்று அப்போது சொன்னார்கள். சுகாதார அமைச்சகத்திடம் ஆளும் இல்லை, பணமும் இல்லை, மலை மாவட்டங்களுக்குப் போய்ச் சேர வழியும் இல்லை.

அந்த நிலையில்தான் 2003இல் 'அடிப்படை மருத்துவச் சேவைத் தொகுப்பு' என்று ஒன்றை அமைச்சகம் எழுதியது. ஊருக்கு ஒரு ஆணும் ஒரு பெண்ணுமாகத் தன்னார்வச் சுகாதாரப் பணியாளர்கள், அதற்கு மேலே சிறிய மருத்துவ நிலையம், அதற்கு மேலே பெரியது, மாவட்டத்துக்கு ஒரு ஆஸ்பத்திரி. எங்கே எத்தனை பேர் இருக்க வேண்டும், எந்த மருந்து இருக்க வேண்டும், எந்தத் தடுப்பூசி போட வேண்டும் என்பது வரை அதில் இருந்தது. இந்தத் தொகுப்பை ஒரு மாகாணத்தில் அல்லது சில மாவட்டங்களில் நடத்தித் தருவதற்குத் தொண்டு நிறுவனங்களிடம் விலை கேட்டார்கள். உள்நாட்டு நிறுவனங்களும் போட்டியிட்டன, வங்கதேசத்தின் பிராக் போன்றவையும் வந்தன. தொடக்கத்தில் வந்த விலை ஒரு ஆளுக்கு ஒரு வருடத்துக்கு நாலரை டாலர் அளவில் இருந்தது. ஒரு மனிதரின் ஒரு வருடத்து வைத்தியத்துக்கு நாலரை டாலர். இந்த எண்ணை முதன்முதலில் பார்த்தபோது ஏதோ தவறாக அச்சடித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

பணம் கொடுத்தவர்கள் மூன்று பேர். அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் 13 மாகாணங்களை எடுத்துக்கொண்டது, ஐரோப்பிய ஆணையம் 10 மாகாணங்களை, மிச்சத்தை உலக வங்கி. மூன்று பேருக்கும் மூன்று விதமான ஒப்பந்தம். உலக வங்கி மொத்தமாக ஒரு தொகையைப் பேசி, இலக்கைத் தொட்டால் ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம் வரை ஊக்கத்தொகையும் தந்தது. அமெரிக்கப் பணமோ செலவுக்கு ரசீது காட்டினால் திரும்பத் தரும் முறை, ஒரு தலைப்பில் மிஞ்சியதை இன்னொரு தலைப்புக்கு மாற்றக்கூட எழுதிக் கேட்க வேண்டும். ஒரே நாடு, ஒரே தொகுப்பு, ஆனால் எந்த மாகாணத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கணக்குப் புத்தகமே மாறிப்போகும்.

கல்லூரி மாணவி, சென்னை: இந்த யோசனை முதலில் எங்கே வந்தது மேடம்? ஆப்கானிஸ்தானிலேயேவா?

இல்லை, அதற்கு முன்பே கம்போடியாவில் செய்து பார்த்துவிட்டார்கள். 1990களின் கடைசியில் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனில், 12 மாவட்டங்களை எடுத்துக்கொண்டு ஒரு சோதனை. சில மாவட்டங்களில் ஆளை வைப்பது, நீக்குவது, மருந்து வாங்குவது வரை எல்லாமே ஒப்பந்தக்காரர் கையில். சிலவற்றில் நிர்வாகம் மட்டும் ஒப்பந்தக்காரருடையது, ஊழியர்கள் அரசாங்க ஊழியர்களாகவே இருப்பார்கள். மற்றவற்றில் பழையபடி அரசாங்கமே. ஒப்பந்த மாவட்டங்களில் தடுப்பூசியும் கர்ப்பகாலப் பரிசோதனையும் வேகமாக ஏறின, அந்த முடிவுகள்தான் பிறகு ஆப்கானிஸ்தானுக்குப் பயணப்பட்டன. ஒன்றை மட்டும் கவனி: அந்த ஒப்பந்த மாவட்டங்களில் தலைக்கு இவ்வளவு என்று செய்த செலவும் அரசாங்க மாவட்டங்களைவிடக் கூடுதல். அறிக்கைகளை மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்த வரியை அடிக்கடி விட்டுவிடுகிறார்கள்.

வாசகர், கோயம்புத்தூர்: சரி, இவ்வளவு செலவழித்தார்களே, உயிர் பிழைத்தார்களா இல்லையா? நேராகச் சொல்லுங்கள்.

பிழைத்தார்கள். எத்தனை பேர் என்பதில்தான் சண்டை.

500 நிலையங்கள் இருந்த இடத்தில், 2021 வாக்கில் இந்த ஒப்பந்தங்களின் கீழ் மட்டும் 2300க்கு மேல் இருந்தன. 2002இல் நாடு முழுக்க 500க்கும் குறைவான மருத்துவச்சிகள். அப்புறம் மாகாணந்தோறும் பள்ளி வைத்து, அந்தந்த ஊர்ப் பெண்களையே, படித்து முடித்ததும் சொந்த ஊருக்குத் திரும்பிப் போய் வேலை பார்ப்பதாக ஊர்ப் பெரியவர்களின் சம்மதத்தோடு சேர்த்துக்கொண்டு பயிற்சி கொடுத்தார்கள், ஆயிரக்கணக்கில் வெளியே வந்தார்கள். அந்த இருபது வருடத்தில் நடந்த நல்ல காரியங்களில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். காபூலிலிருந்து ஒரு டாக்டரை மலைக்கு அனுப்பினால் ஒரு குளிர்காலம் தாங்குவது கஷ்டம், ஊர்ப் பெண் அங்கேயே இருப்பாள்.

தாய் மரண விகிதத்துக்கு வருவோம். 2010இல் எடுத்த ஒரு கணக்கெடுப்பு, ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 327 என்று சொன்னது. 1600லிருந்து எட்டே வருடத்தில் 327! எல்லா மேடைகளிலும் இந்த எண் ஒலித்தது. ஆனால் பாதுகாப்பு இல்லாத கிராமங்களுக்குக் கணக்கெடுப்பவர்கள் சரியாகப் போக முடியவில்லை என்று அப்போதே பலர் சந்தேகப்பட்டார்கள். 2015இல் வந்த அடுத்த பெரிய கணக்கெடுப்போ 1291 என்றது. ஐ.நா. அமைப்புகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து 2017க்குப் போட்ட மதிப்பீடு 638. மூன்றில் எதை நம்புவது என்று கேட்டால், கடைசியாகச் சொன்னதைத்தான் நான் பயன்படுத்துவேன். பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது, ஐந்தில் ஒரு பங்காகக் குறையவில்லை. பாதிக்கு மேல் குறைந்ததே பெரிய விஷயம், அதை இன்னும் பெரிதாகக் காட்ட அவசரப்பட்டதால் பிறகு உண்மையான எண்ணைச் சொன்னபோது அது தோல்வி போலத் தெரிந்தது.

ஆசிரியை, திருநெல்வேலி: 'மாகாணச் சுகாதார அமைப்பையும் ஆளுகையையும் வலுப்படுத்துதல்' என்று இந்தத் திட்டங்களுக்கு எல்லாம் பெயர் வைக்கிறார்களே, அதற்கு என்னதான் அர்த்தம்? பத்து தடவை படித்தும் பிடிபடவில்லை.

உங்களுக்குப் பிடிபடாததில் தவறில்லை. எனக்கு இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கவே நாலைந்து வருடம் ஆனது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஒரு மாகாணத்தில் மருத்துவம் நடக்க இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, நிலையம் திறந்திருக்க வேண்டும், உள்ளே மருந்தும் ஆளும் இருக்க வேண்டும். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது. எந்த ஊருக்கு அடுத்த நிலையம், யாரை வேலைக்கு எடுப்பது, திருடியவரை யார் நீக்குவது, அடுத்த வருடப் பணம் எங்கிருந்து, இதையெல்லாம் முடிவு செய்ய அந்த மாகாணத்திலேயே ஒருவருக்கு அதிகாரமும் பணமும் இருக்க வேண்டும், அவர் செய்வது சரியா என்று கேட்க ஊர் மக்களுக்கு ஒரு வழி இருக்க வேண்டும். இந்த இரண்டாவதைத்தான் அவர்கள் ஆளுகை என்கிறார்கள்.

ஒப்பந்தங்கள் முதலாவதை நன்றாக வாங்கித் தந்தன. இரண்டாவதைத் தருவதாக எழுதினார்களே தவிர, ஒப்பந்தம் கட்டப்பட்ட விதமே அதற்கு எதிராக இருந்தது.

எப்படி என்றால், மாகாணத்துக்கு ஒரு பொதுச் சுகாதார அலுவலகம் இருந்தது, அமைச்சகத்தின் ஆள் அதற்குத் தலைவர். தாளில் பார்த்தால் தொண்டு நிறுவனத்தை மேற்பார்வை செய்வது அவர் வேலை. ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதும் பணம் விடுவிப்பதும் காபூலில், அமைச்சகத்துக்குள் இதற்கென்றே வைத்த ஒப்பந்தப் பிரிவும் கொடையாளர்களும். மாகாண அதிகாரி 'இந்த நிலையத்தில் மூன்று மாதமாக மருந்து இல்லை' என்று எழுதினால் அந்தக் காகிதத்தால் ஒரு ரூபாயைக்கூட நிறுத்திவைக்க முடியாது. அவருடைய சம்பளமோ, அவர் மேற்பார்வை செய்ய வேண்டிய நிறுவனத்தில் இடைநிலை ஊழியர் வாங்குவதைவிடக் குறைவு. மலை மாவட்டத்துக்குச் சோதனைக்குப் போக அவரிடம் வண்டி இருக்காது, டீசல் இருக்காது. யார் வண்டி கொடுப்பார்கள்? சோதனைக்கு உள்ளாகும் நிறுவனம்தான். வண்டியில் உட்கார்ந்து, அவர்கள் வாங்கித் தந்த மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு எப்படிக் கடுமையாக அறிக்கை எழுதுவார்? அந்த வண்டி வாடகைச் சீட்டுகளைச் செலவுக் கணக்கில் ஏற்றியவர்களில் நானும் ஒருத்தி. அப்போது அது எனக்குத் தவறாகவே படவில்லை, உதவி என்றுதான் நினைத்தேன்.

திறமையான ஆட்கள் எங்கே போவார்கள் என்பதும் இதிலேயே முடிவாகிவிடும். அமைச்சகத்தில் நன்றாக வேலை செய்த இளைஞரை நிறுவனம் எடுத்துக்கொள்ளும், நிறுவனத்தில் நன்றாக வேலை செய்தவரைக் கொடையாளரின் ஆலோசனைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு படியிலும் சம்பளம் இரண்டு மூன்று மடங்கு. யாரையும் குறை சொல்ல முடியாது, எல்லோருக்கும் பிள்ளை குட்டிகள் இருந்தன. ஆனால் 'அமைப்பை வலுப்படுத்தும்' பணமே அந்த அமைப்பிலிருந்து ஆளை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

இதற்கு மாறாக நடந்த ஒரு இடமும் உண்டு, பலர் கவனிக்காதது. பர்வான், கபீசா, பஞ்ச்ஷீர் ஆகிய மூன்று மாகாணங்களில் தொண்டு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கொடுக்காமல் அமைச்சகமே உலக வங்கிப் பணத்தில் அதே தொகுப்பை நடத்தியது. அவை விழுந்துவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் நிறைய. விழவில்லை. முதல் சில வருட மதிப்பீடுகளில் நன்றாகவே முன்னேறின. காபூலுக்குப் பக்கத்தில், ஓரளவு பாதுகாப்பாக இருந்த மாகாணங்கள் என்பது உண்மைதான், போர் கடுமையாக இருந்த தெற்கு மாகாணமான ஹெல்மந்தோடு ஒப்பிட முடியாது. ஆனாலும் வருடத்துக்கு இரண்டு மாகாணம் என்று அந்த வழியை விரிவாக்கியிருக்கலாம். கடைசி வரை அந்த மூன்றோடு நின்றுபோனது, அதைத்தான் இந்தக் கதையின் பெரிய தவறவிட்ட வாய்ப்பாக நான் பார்க்கிறேன்.

வாசகர், திருச்சி: ஊழல் எவ்வளவு? பாதிப் பணம் போயிருக்கும் என்கிறார் என் நண்பர்.

பாதி என்று சொல்ல உங்கள் நண்பரிடம் கணக்கு இருக்காது. ஊழல் இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன்.

ஆப்கானிஸ்தான் மறுசீரமைப்புக்கான அமெரிக்கத் தலைமைத் தணிக்கையாளர் அலுவலகம் 2013இல், யுஎஸ்எய்ட் சுகாதார அமைச்சகத்தின் வழியாகக் கொடுத்துக்கொண்டிருந்த 236 மில்லியன் டாலர் திட்டத்தை எடுத்துப் பார்த்தது. அமைச்சகத்தின் நிதி நிர்வாகத்தில் ஓட்டைகள் இருப்பது தெரிந்தும் பணம் கொட்டப்படுகிறது என்று எழுதியது. 2015இல் அதே அலுவலகம் இன்னொரு கடிதம் எழுதியது. தாங்கள் ஆதரிக்கும் மருத்துவ நிலையங்கள் பூமியில் எங்கே இருக்கின்றன என்று யுஎஸ்எய்ட் கொடுத்த 641 இடக் குறிப்புகளில் 80 சதவீதத்துக்குப் பக்கமாகத் தவறு. 13 இடங்கள் அந்த நாட்டிலேயே இல்லை, ஒன்று மத்தியதரைக் கடலுக்குள் இருந்தது. இதைப் படித்துப் பலர் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நிலையங்களில் பெரும்பாலானவை உண்மையிலேயே இருந்தன, அவற்றில் பெண்கள் பிள்ளை பெற்றுக்கொண்டிருந்தார்கள். பணம் கொடுத்தவருக்கு அவை எங்கே இருக்கின்றன என்று பார்க்கக்கூடத் தோன்றவில்லை என்பதுதான் இதில் எனக்குப் பெரிய விஷயம்.

2016இல் அந்த நாட்டின் ஊழல் கண்காணிப்புக் குழு ஒன்று சுகாதார அமைச்சகத்தைப் பற்றி நீண்ட அறிக்கை வெளியிட்டு, ஊழல் ஆழமாக வேரோடியிருக்கிறது என்றது. வேலைக்கு எடுப்பதில் ஆளுநர், நாடாளுமன்ற உறுப்பினர் சிபாரிசு, மருந்து வாங்குவதில் தரமில்லாத சரக்கு, வேலைக்கு வராதவர் பெயரில் சம்பளம். நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதோடு, சட்டப்படியே போகும் பணம் ஒன்று இருக்கிறது, அதை ஊழல் கணக்கில் யாரும் சேர்க்க மாட்டார்கள். கொடையாளர் நாட்டிலுள்ள பெரிய கம்பெனி ஒப்பந்தத்தை எடுக்கும், அதன் நிர்வாகச் செலவு, வெளிநாட்டு ஆலோசகரின் சம்பளம், அவருக்குக் காவல், அவருக்கு விமானம், அப்புறம் உள் ஒப்பந்தக்காரர், அவருடைய நிர்வாகச் செலவு. அறிக்கையில் இது எல்லாமே 'மாகாணத்துக்குச் செய்த உதவி' என்று ஒரே வரியில் வரும்.

செவிலியர், வேலூர்: 2021 ஆகஸ்டில் அந்த நர்ஸுகளுக்கு என்ன ஆனது? டிவியில் விமான நிலையத்தை மட்டும்தான் காட்டினார்கள்.

உங்கள் கடிதத்தைத்தான் முதலில் எடுத்து வைத்தேன்.

அப்போது நடப்பில் இருந்த திட்டத்துக்குப் பெயர் சேஹத்மந்தி. 2018இல் தொடங்கியது, 600 மில்லியன் டாலர், உலக வங்கி நிர்வகித்த பல நாட்டு நிதியிலிருந்து பெரும்பகுதி. மேலே சொன்ன மூன்று மாகாணங்களைத் தவிர மீதி 31 மாகாணங்களுக்கும் ஒப்பந்தம். ஆகஸ்ட் 15 காபூல் தாலிபான் கையில் விழுந்தது. அந்த மாதமே உலக வங்கி பணத்தை நிறுத்தியது. கொடையாளர்களுக்குத் தாலிபான் அரசாங்கத்தின் வழியாகப் பணம் தர முடியாது, ஒப்பந்தமோ அந்த அரசாங்கத்தின் அமைச்சகத்தோடு போட்டது. அவ்வளவுதான், ஒரே கையெழுத்தில் நாடு முழுக்க மருத்துவமனைகளுக்குப் பணம் நின்றது. செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் சொன்ன கணக்குப்படி, அந்தத் திட்டத்தின் நிலையங்களில் முழுமையாக இயங்கியவை 17 சதவீதம்தான்.

மிச்ச இடங்களில் என்ன நடந்தது? பல இடங்களில் செவிலியர்களும் மருத்துவச்சிகளும் மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமலே வந்து வேலை பார்த்தார்கள். இருக்கிற கையுறையைக் கழுவி, இருக்கிற மருந்தைப் பாதியாக்கி. இதை எந்த ஒப்பந்தத்தின் இலக்குப் பட்டியலிலும் யாரும் எழுதியதில்லை.

அப்புறம் ஐ.நா.வின் அவசர நிதியிலிருந்து 45 மில்லியன் டாலர் வந்தது. ஐ.நா. வளர்ச்சித் திட்டம் எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான சர்வதேச நிதியான குளோபல் ஃபண்ட் பணத்தில் 23,000க்கு மேற்பட்ட ஊழியர்களுக்கு அக்டோபர் சம்பளத்தை நேராகக் கொடுத்தது. பெரிய ஆஸ்பத்திரிகளில் 33ஐச் செஞ்சிலுவைச் சங்கம் 2023 ஆகஸ்டு வரை தாங்கியது. யுனிசெஃப், உலக சுகாதார நிறுவனம் வழியாக ஒப்பந்தங்கள் மறுபடி தொடங்கின, அதே தொண்டு நிறுவனங்களோடு. அமைச்சகம் சங்கிலியிலிருந்து கழற்றப்பட்டுவிட்டது. உயிர்கள் பிழைக்க அது தேவைப்பட்டது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இருபது வருடம் 'அமைச்சகத்தையும் மாகாணத்தையும் வலுப்படுத்துகிறோம்' என்று செலவழித்ததன் முடிவில், மருத்துவம் நடக்க வேண்டுமானால் இரண்டையும் சுற்றிக்கொண்டு போக வேண்டும் என்ற இடத்தில் போய் நின்றார்கள்.

அடுத்த அடிகளும் வந்துகொண்டே இருந்தன. 2024 டிசம்பரில் பெண்களுக்கு மருத்துவச்சி, செவிலியர் படிப்புகளை ஆட்சியாளர்கள் தடை செய்தார்கள். இப்போது இருக்கிற மருத்துவச்சிகளுக்கு வயதாகும்போது அவர்கள் இடத்துக்கு யார்? 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது, மார்ச்சில் யுஎஸ்எய்ட் திட்டங்களில் 83 சதவீதத்தை ரத்து செய்வதாக அறிவித்தது, ஜூலையில் அந்த அமைப்பே வெளியுறவுத் துறைக்குள் கரைக்கப்பட்டது. மார்ச் 4க்குள்ளேயே ஆப்கானிஸ்தானில் 167 மருத்துவ நிலையங்கள் பணமில்லாமல் மூடப்பட்டன என்றும் 25 மாகாணங்களில் 16 லட்சம் பேருக்கு மருத்துவம் எட்டாமல் போயிற்று என்றும் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. நான் மூன்று வாரத்துக்கு முன் எழுதிய நாலு வரி இதைப் பற்றித்தான்.

வாசகர், வவுனியா: ஐயா அல்லது அம்மா, எங்கட மாகாணத்துக்கும் வெளிநாட்டுப் பணம் வந்தது. ஆனால் மாகாண சபை நேரடியாக ஒப்பந்தம் செய்ய முடியாது என்று சொல்கிறார்கள். ஏன்?

அம்மாதான். உங்கள் நாட்டில் அரசியலமைப்பின் 1987ஆம் வருடத்து 13ஆம் திருத்தம் சுகாதாரத்தை மாகாணப் பட்டியலில் வைத்தது. கிராமிய வைத்தியசாலை, மகப்பேற்று நிலையம், மருந்தகம் எல்லாம் மாகாணத்துக்கு. போதனா வைத்தியசாலைகளும் சிறப்பு வைத்தியசாலைகளும் கொழும்புக்கு, அதனால்தான் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ் இருக்கிறது. வெளிநாட்டு விவகாரமும் வெளிநாட்டுக் கடனும் மத்திக்கே உரியவை, ஆகவே உலக வங்கியோ ஆசிய அபிவிருத்தி வங்கியோ கையெழுத்துப் போடுவது கொழும்பில் இருக்கும் அரசாங்கத்தோடுதான்.

ஆனால் இலங்கையை ஆப்கானிஸ்தானோடு சேர்த்துப் பேச முடியாது, வித்தியாசம் பெரியது. அங்கே மருத்துவத்தை நடத்தியதே ஒப்பந்தக்காரர்கள். இலங்கையில் குடும்பநல மருத்துவமாதுக்கும் தாதிக்கும் சம்பளம் தருவது அரசாங்கம், வெளிநாட்டுப் பணம் அதன்மேல் ஒரு கட்டடமாகவோ கருவியாகவோ வருகிறது. 2018இல் ஆசிய அபிவிருத்தி வங்கி மத்திய, வடமத்திய, சப்ரகமுவ, ஊவா மாகாணங்களின் ஆரம்ப சுகாதாரத்துக்குக் கடனும் மானியமுமாக 50 மில்லியன் டாலர் கொடுத்தது. அந்தத் திட்டம் நின்றாலும் தாதி வேலைக்கு வருவார். இதை உங்கள் நாடு பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம்.

உங்கள் குறை வேறு. வட மாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது, அதன் பிறகு தேர்தலே இல்லாமல் ஆளுநர் வழியாக நிர்வாகம் போகிறது. மாகாணச் சுகாதாரப் பணிப்பாளர் நல்லவராகவே இருக்கட்டும், எந்த ஊருக்கு எந்த வசதி என்று அவரிடம் கேள்வி கேட்க மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர் மாகாண மட்டத்தில் இல்லை. நான் மேலே சொன்ன இரண்டாவது விஷயம் உங்களிடம் குறைகிறது, அதை எந்தக் கடனும் வாங்கித் தராது.

வாசகி, சிட்னி: இங்கே ஆஸ்திரேலிய அரசு பப்புவா நியூ கினிக்கு நிறையக் கொடுக்கிறது. அங்கேயும் இதே கதைதானா?

பாதி அதே கதை. அங்கே சிக்கல் வேறு விதம்: பெரிய ஆஸ்பத்திரி மத்திய அரசிடம், கிராமச் சுகாதார நிலையம் மாகாண அரசிடம், இன்னும் நிறைய நிலையங்கள் தேவாலயங்களிடம். ஒரு நோயாளியைக் கிராமத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் இரண்டு அரசாங்கங்களைக் கடந்து போக வேண்டியிருந்தது. அதைச் சரிசெய்ய 2007இல் அவர்களே ஒரு சட்டம் போட்டு, இரண்டையும் சேர்த்து நடத்தும் மாகாணச் சுகாதார ஆணையங்களை உருவாக்கினார்கள். மில்னே பே, கிழக்கு ஹைலேண்ட்ஸ், மேற்கு ஹைலேண்ட்ஸ் முதலில் வந்தன, மற்ற மாகாணங்கள் மெல்லச் சேர்ந்தன. எனக்கு இது பிடித்திருக்கிறது, ஏனென்றால் அங்கே இந்த ஆணையங்கள் அவர்களுடைய சொந்தச் சட்டமாகவே வந்தன.

ஆனால் 2013 டிசம்பரை மறக்க முடியாது. சுகாதார நிலையங்களுக்குப் போகும் மருந்துப் பெட்டிகளுக்கு ஆஸ்திரேலியா பணம் கொடுத்துவந்தது. அந்த நாட்டு அரசு மருந்து டெண்டரைக் கொடுத்த நிறுவனத்துக்குத் தேவையான தரச் சான்று இல்லை என்று சொல்லி ஆஸ்திரேலியா நிதியை விலக்கிக்கொண்டது. போலி மருந்துக்கு வரிப் பணம் போய்விடக் கூடாது என்ற கவலை நியாயமானது, எங்கள் நாட்டு டெண்டரை நாங்கள் முடிவு செய்வோம் என்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. நடுவில் மருந்துப் பெட்டிக்குக் காத்திருந்த நிலையங்கள்தான் மாட்டிக்கொண்டன.

வாசகர், ஈரோடு: நம் தமிழ்நாடும் உலக வங்கியிடம் சுகாதாரத்துக்குக் கடன் வாங்கியதே. நாமும் மாட்டுவோமா?

இல்லை. 2019இல் வாங்கியது 287 மில்லியன் டாலர், பெரிய தொகைதான். ஆனால் மாநிலம் தன் பட்ஜெட்டில் முதலில் வேலையைச் செய்து, பேசிய பலன் கிடைத்ததா என்று வெளியார் சரிபார்த்த பிறகு பணம் வரும் வகை அது. நம் மருந்துக் கொள்முதலை 1994இல் தொடங்கிய அரசு மருத்துவப் பணிகள் கழகம் செய்கிறது, ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கு மாநிலம் சம்பளம் தருகிறது. வங்கி விலகினாலும் சில திட்டங்கள் தாமதமாகும், கதவு மூடாது. ஒப்பந்த அடிப்படையில் வைத்திருக்கும் செவிலியர்களைப் பற்றி எனக்கும் வருத்தங்கள் உண்டு, அவை நம் சொந்த முடிவுகள், அதற்குத் தனியாக எழுத வேண்டும்.

பெயர் வேண்டாம் என்ற வாசகி, நாகர்கோவில்: ஆப்பிரிக்காவில் இப்படி ஒரு மாகாணச் சுகாதாரத் திட்டத்தில் கண்காணிப்பு அதிகாரி வேலை கிடைத்திருக்கிறது. போகலாமா அக்கா? முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

போம்மா. நல்ல வேலை, நிறையக் கற்றுக்கொள்வாய்.

போய்ச் சேர்ந்ததும் திட்ட அறிக்கையின் முதல் பக்கங்களைப் படித்து நேரத்தைப் போக்காதே, பின்னிணைப்பில் பட்ஜெட் இருக்கும், அதை எடு. கிராம நிலையத்தின் மருத்துவச்சிக்குச் சம்பளம் எந்த வரியிலிருந்து போகிறது, அந்த வரியில் அரசாங்கத்தின் பங்கு வருடா வருடம் ஏறுகிறதா, இல்லை கடைசி வருடம் வரை பூஜ்யமா என்று பார். திட்டம் முடியும் தேதிக்கு அடுத்த மாதம் அந்தச் சம்பளத்தை யார் தருவார் என்று மேலதிகாரியிடம் கேள், முதல் வாரத்திலேயே கேள், பிறகு கேட்கக் கூச்சம் வந்துவிடும். 'நிலைத்தன்மைத் திட்டம் தயாராகிக்கொண்டிருக்கிறது' என்று பதில் வந்தால் அந்தத் திட்டத்தைக் காட்டச் சொல்.

ஒரு நிலையத்துக்குப் போனால் பதிவேடுகளை எண்ணு. நான் பார்த்த ஓர் இடத்தில் ஒரே மருத்துவச்சி ஒரு பிரசவத்தை மூன்று பதிவேட்டில் மூன்று கொடையாளர்களுக்காக எழுதிக்கொண்டிருந்தாள், வெளியே வரிசையில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கண்காணிப்பு அதிகாரி என்ற பெயரில் நீ நாலாவதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடாதே.

அப்புறம், சோதனைக்குப் போகும்போது மாகாண அலுவலகத்தின் ஆளையும் கூட்டிக்கொண்டு போ. வண்டி மாகாண அலுவலகத்தின் பெயரில், டீசல் மாகாணத்தின் கணக்கில் என்று பட்ஜெட்டில் ஒரு வரி போட முடியுமா என்று கேட்டுப் பார். சின்னத் தொகைதான், அநேகமாக ஒத்துக்கொள்வார்கள். குளிருக்கும் மழைக்கும் ஏற்ற நல்ல ஷூ ஒன்று வாங்கிக்கொள், ஊரிலிருந்து மிளகுப் பொடியும் எடுத்துப் போ, போய்ச் சேர்ந்ததும் கடிதம் போடு.